தொண்ணூற்றிரண்டு மைக்ரான்

துணியை மெஷினில் போடுவதற்கு முன் சட்டைப் பைகளைத் தடவிப் பார்ப்பது என் வழக்கம். சந்தேகப் புத்தியால் அல்ல. என் கணவர் பேருந்து ஓட்டுநர். பேனா, மிட்டாய், எங்கிருந்தோ கழன்ற திருகாணி என்று எதையாவது பையில் போட்டு மறந்துவிடுவார். மிட்டாய் சட்டையோடு சேர்ந்து துவைபட்டால் மெஷினோடு மல்லுக்கட்டுவது நான்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய நீலச் சீருடைச் சட்டைப் பையில் மடித்து வைத்த காகிதக் கைக்குட்டை ஒன்று அகப்பட்டது. பிரித்தேன். நீளமான கறுப்பு முடி, விரலில் சுற்றி எடுத்தது போல் ஒரு சிறு வளையமாக உள்ளே இருந்தது.

வேறு யாராவது என்றால் ‘என் முடியாக இருக்கும்’ என்று குப்பையில் போட்டுவிட்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். என்னால் அது முடியாது. ஓர் இழையை உருவிக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து உருட்டினேன். மெல்லிசு. என் முடி அல்ல.

விரலால் உருட்டியே எப்படிச் சொல்வாய் என்று கேட்கலாம். என் பிழைப்பே அதுதான். ஷாம்பு, தலைச்சாயம் எல்லாம் செய்கிற கம்பெனி ஒன்றின் சோதனைக்கூடத்தில் முடியின் தடிமனை அளப்பவள் நான். பல நாட்டுத் தலைகளிலிருந்து வெட்டிய முடி சிறு பைகளில் வரும். ஒவ்வோர் இழையின் இரு நுனியிலும் கவ்வி பொருத்தி, மெஷினில் படுக்கவைத்தால், அது இழையைச் சுழற்றிச் சுழற்றி ஒளியால் அளந்து மைக்ரான் கணக்கில் சொல்லும். ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர். யாராவது ‘மயிரிழையில் உயிர் தப்பினேன்’ என்றால், எந்த நாட்டு மயிரிழை என்று கேட்க எனக்கு வாய் துறுதுறுக்கும்.

கேட்பதில் தப்பில்லை. கிழக்காசியத் தலைகளில் சராசரி இழை நல்ல தடிப்பு, குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஏறக்குறைய வட்டம். ஐரோப்பியத் தலைகளில் அதைவிட மெலிவு. ஆப்பிரிக்கத் தலைகளில் இழை நாடா மாதிரி சற்றுத் தட்டை. ஒரு பக்கம் அளந்தால் தடிப்பு, திருப்பி அளந்தால் மெலிவு. ஆணா பெண்ணா என்கிற விஷயத்தில் மெஷின் யார் பக்கமும் சாயாது. ஆண் முடிதான் தடிப்பு என்று ஒரு பை சொல்லும், இல்லை பெண் முடிதான் என்று அடுத்த பை சொல்லும். எல்லாம் சராசரி. ஒரே தலையில் பக்கத்துப் பக்கத்து இழைகளே அண்ணன் தம்பி மாதிரி ஒட்டாமல் இருக்கும்.

இதனால் எங்கள் கூடத்தின் சுவரில் பெரிய எழுத்தில் ஒரு கட்டளை ஒட்டியிருக்கிறது: ‘ஒரு முடியை வைத்து ஆளைச் சொல்லாதே.’ எழுதியவர் எங்கள் தலைவர். தலையில் பேருக்குக்கூட ஒரு முடி கிடையாது. மொட்டை சார் என்றுதான் கூப்பிடுகிறோம், அவரும் கோபித்துக்கொள்வதில்லை. ஆணா பெண்ணா சொல்ல முடியுமா என்று வருகிறவர்கள் கேட்டால், “தாடி முடியா கொண்டு வாங்க, சொல்றேன்” என்பார். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அந்தக் கட்டளையை விளக்குவது என் வேலை. நானே விளக்கிக் கொடுத்ததை நானே மீறினேன் என்பதுதான் கதை.

கட்டளைக்குக் கீழே ஒரு வெள்ளைப் பலகை இருக்கிறது. வேலையில் சேரும் அன்று எங்கள் தலையிலிருந்தே ஓர் இழையைப் பிடுங்கி, மெஷினில் பழகுவதற்காக எங்களையே அளக்கச் சொல்வார்கள். பிறகு அந்த இழையைப் பலகையில் ஒட்டி அடியில் எண்ணை எழுதுவார்கள். என்னுடையது தொண்ணூற்றிரண்டு. பலகையில் முதலிடம். மகளுக்கு நான்கு வயதாக இருந்தபோது ஒட்டியது. அவள் படித்து முடித்து வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டாள், என்னை இறக்க இன்னும் ஒருவரும் வரவில்லை. எனக்குப் பக்கத்து மேசைக்காரி நாற்பத்தேழு. குளிர் தேசத்திலிருந்து வந்தவள், முடி மஞ்சளாக, ஊதினால் பறக்கும். பஞ்சு என்று பெயர் வைத்தது நான்தான். நன்றாகத் தமிழ் பேசுவாள், என்னிடம் கற்றுக்கொண்டதால் கொஞ்சம் வாய்த்துடுக்கோடு பேசுவாள்.

எனக்குத் தலைக்கனம் என்று அவள் சொல்வாள். உண்மைதான், அவ்வளவு முடியைச் சுமந்தால் கனம் இல்லாமல் எப்படி இருக்கும் என்பேன். புதிதாக யாராவது சேர்ந்தால் அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் முதல் செய்தி அதுதான்: இன்றைக்கும் ஒருவர் முயன்றார், எழுபத்தொன்பதில் நின்றுவிட்டார். அவர் தலை முப்பது வயதிலேயே காலியாகத் தொடங்கிவிட்டது. மிச்சம் இருப்பதை நூல் என்பேன், சிலந்திக்குக் கொடுத்தால் வீடு கட்டும் என்பேன். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

அந்த மனிதரின் பையில்தான் இன்னொருத்தியின் முடி.

காகிதத்தை மடித்து என் கைப்பையில் வைத்துக்கொண்டேன். துணியை மெஷினில் போட்டேன். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்து யோசித்தபோது, சில மாதங்களாக நடந்த ஒவ்வொன்றும் வரிசைகட்டி வந்து நின்றது. தலையணை உறை எந்த அலமாரியில் இருக்கிறது என்றுகூடத் தெரியாத மனிதர், இப்போது காலையில் எனக்கு முன் எழுந்து உறையை உதறுகிறார். வெளிர் நிற உறைகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, அழுக்குத் தெரியாது என்று கருநீலத்தில் வாங்கி வந்தார். குளியலறையை அவரே கழுவுகிறார். தண்ணீர் போகும் துளைக்குமேல் ஒரு வலைமூடி போட்டிருக்கிறார். கண்ணாடிக்குமேல் இருந்த வெள்ளை விளக்கு பியூஸ் போய்விட்டது என்று சொல்லி மங்கலாக ஒரு மஞ்சள் விளக்கை மாட்டினார். வயதாக ஆக மனிதர் பொறுப்பாகிவிட்டார் என்று நான் வேறு பஞ்சுவிடம் பெருமை அடித்திருந்தேன். பொறுப்பு இல்லை, தடயத்தை அழிக்கிறார் என்று இப்போது பட்டது. நான் வேலைக்குப் போன பிறகு, அவருக்கு மாலை ஷிப்ட் இருக்கும் நாட்களில், இந்த வீட்டுக்கே வருகிறாளோ. என் தலையணையிலா. நினைத்த மாத்திரத்தில் வாய் கசந்தது.

அவரிடம் நேராகக் கேட்டிருக்கலாம். கேட்டால் மழுப்புவார், நான் கத்துவேன், கடைசியில் ஒன்றும் தெளியாது. கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று நினைத்தேன். மெஷின் பொய் சொல்லாது.

திங்கட்கிழமை காகிதத்தோடு கூடத்துக்குப் போனேன். ஈரக்காற்றில் முடி பருக்கும், வறண்ட காற்றில் சுருங்கும். ஆகையால் அளக்கும் முன் ஒரு நாள் முழுக்க, ஈரப்பதம் மாறாத சிறிய அறையில் முடியை வைத்திருக்க வேண்டும். நியாயமான ஆத்திரத்திலும் முறையை விட மனம் வரவில்லை. இழைகளைத் தட்டில் பரப்பி உள்ளே வைத்தேன். தட்டில் பெயர் எழுதும் இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் ‘அவள்’ என்று எழுதினேன்.

அன்று மாலை அவர் எனக்கு முன்னால் வீட்டில் இருந்தார். டீ போட்டு வைத்திருந்தார்.

“ஏன் ஒரு மாதிரி இருக்கே?” என்றார்.

“தலைவலி.”

“தைலம் தேச்சு விடட்டா?”

“என் தலையில கை வைக்காதீங்க” என்றேன். கையை நீட்டியவர் மடக்கிக்கொண்டார். முகம் சுண்டிப்போனது. அந்த முகத்தைப் பார்த்து மனம் இளகப் பார்த்தது, இளகக் கூடாது என்று தொலைக்காட்சியைச் சத்தமாக வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் மெஷினைப் போட்டேன். முதல் இழை ஐம்பத்தெட்டு. அடுத்தது அறுபது. அடுத்தது ஐம்பத்தைந்து. நுண்ணோக்கியிலும் வைத்துப் பார்த்தேன். சாயம் ஏற்றிய முடி. வேர்ப்பக்கம் ஓர் அரிசி நீளத்துக்கு வெள்ளை. கடையில் போட்டிருந்தால் சாயம் சீராக ஏறியிருக்கும், இது திட்டுத் திட்டாக இருந்தது. வீட்டிலேயே அவசரமாகப் போட்டுக்கொள்கிறவள். ஆக, சின்னப் பெண் அல்ல. கிட்டத்தட்ட என் வயது. சின்னப் பெண்ணாக இருந்திருந்தால் புத்தி கெட்ட மனுஷன் என்று திட்டிவிட்டு ஆறியிருப்பேன். என்னைப் போலவே ஒருத்தியைத் தேடிப் போனார் என்பதுதான் அதிகம் வலித்தது.

“ஓவர்டைமா அக்கா?” பஞ்சு பின்னால் வந்து நின்றாள். திரையைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள். “யாரு இந்த ‘அவள்’?”

மறைக்கத் தெரியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, “இந்த நம்பரை வச்சு மட்டும் பாத்தா இது ஆம்பளையாக்கூட இருக்கலாம். எங்க ஊரா இருக்கலாம், உங்க ஊரா இருக்கலாம். நீங்கதானே எனக்குச் சொல்லிக்கொடுத்தீங்க” என்றாள்.

“என்னுது இல்ல. அது போதும் எனக்கு.”

“உங்களுதை அளந்தீங்களா?”

“அதான் பலகையில இருக்கே. தொண்ணூத்திரண்டு.”

“அது எப்ப ஒட்டினதுக்கா?”

“எப்ப ஒட்டினா என்ன? என் தலையில முளைச்சதுதானே” என்று எரிந்து விழுந்தேன். பஞ்சு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். என் முகத்தையும் தலையையும் ஒரு தடவை பார்த்தாள், பிறகு தன் மேசைக்குப் போய்விட்டாள்.

வீட்டுக்குப் போனதும் அலமாரிமேல் இருந்த பெட்டியை இறக்கித் துணி அடுக்கினேன். மகளுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டிய காலம் போய்விட்டது. உண்மையென்று அவர் வாயால் வந்துவிட்டால் அந்த நிமிஷமே கிளம்புவது என்பதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை. எங்கே போவது என்பதில்தான் ஓர் எண்ணமும் இல்லை. இருபத்தாறு வருஷம் ஒரே ஆளோடு இருந்துவிட்டால் போக்கிடம் என்று ஒன்று மிச்சமிருப்பதில்லை.

அவர் வந்தார். செருப்பைக் கழற்றும்போதே பெட்டியைப் பார்த்துவிட்டார். காகிதத்தை மேசைமேல் பிரித்து வைத்தேன்.

“யாரு இவ?”

“எவ?”

“இந்த முடிக்காரி.”

காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். “டிப்போ குப்பைத்தொட்டியில போடணும்னு வச்சிருந்தேன். மறந்து தொலைச்சிட்டேன்.”

“வீட்டுக் குப்பையில போட்டா நான் பாத்துடுவேன். அதானே?”

“ஆமா.”

இவ்வளவு சுலபத்தில் ஒப்புக்கொள்வார் என்று நான் நினைக்கவில்லை. பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

“இது உன்னுதும்மா” என்றார்.

“எனக்கே காது குத்தறீங்களா? அளந்துட்டுத்தான் கேக்கறேன். இது அம்பத்தெட்டு, என்னுது தொண்ணூத்திரண்டு. அவ சாயம் போடறவ, வேருல அரிசி நீளத்துக்கு வெள்ளை தெரியுது. வீட்லயே போட்டுக்கறா, அதுவும் திட்டுத் திட்டா. வயசுகூடக் கம்மியில்ல, என் வயசுதான் இருக்கும்…”

சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே இறங்குவது கேட்டது. நான் போன மாதம் குளியலறையில் நின்று, வேலைக்கு நேரமாகிறது என்று பாதித் தலைக்குச் சாயத்தை அப்பிக்கொண்டு ஓடியதை அவரும் பார்த்திருக்கிறார். கதவைத் தட்டி, காதுக்குப் பின்னால் விட்டுப்போச்சு என்று சொன்னதே அவர்தான்.

“வா” என்றார்.

குளியலறைக்குப் போனோம். அலமாரியின் மேல்தட்டில் துண்டுகளுக்குப் பின்னால் கைவிட்டு ஒரு விளக்கை எடுத்தார். பழைய வெள்ளை விளக்கு. “பியூஸ் போகல” என்று மட்டும் சொன்னார். முக்காலியில் ஏறி மஞ்சள் விளக்கைக் கழற்றி அதை மாட்டினார். வெளிச்சம் பளீரென்று அடித்தது. நான் கண்ணாடியில் பார்த்தேன். தலையைக் குனிந்து, பிறகு கைக்கண்ணாடியை உச்சிக்குமேல் பிடித்தும் பார்த்தேன்.

வகிடு, நான் நினைத்துக்கொண்டிருந்த கோடு அல்ல. விரல் அகலத்துக்கு மண்டைத்தோல் தெரிந்தது. சுற்றிலும் முடி இருந்தது, ஆனால் அது நான் பலகையில் ஒட்டிவிட்டு வந்தவளின் முடி அல்ல. ஓர் இழையைப் பிடித்து உருட்டினேன். மெல்லிசு. தினமும் ஊர் பேர் தெரியாதவர்கள் முடியை விரலில் பிடித்தே எண் சொல்கிறவள், தினமும் என் கையாலேயே பின்னிக்கொண்ட சடையை ஒரு நாளும் உருட்டிப் பார்த்ததில்லை. எண் ஏற்கெனவே தெரியும் என்று இருந்துவிட்டேன்.

அழுதேன். வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. எப்போது இப்படி ஆனேன் என்று எனக்கே தெரியவில்லை, பக்கத்தில் இருந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது.

“எவ்வளவு நாளா?” என்றேன்.

“போன மழைக்காலத்துல தண்ணி போகாம அடைச்சுக்கிச்சே, அப்பலேர்ந்து. கம்பி விட்டு எடுத்தா பந்து மாதிரி வந்துச்சு. அப்புறம் தலகாணியில பாத்தேன். நீ எழுந்திரிக்கறதுக்குள்ள பொறுக்கிடுவேன்.”

“சொல்றதுக்கு என்ன?”

“எத்தனை தடவை வாயெடுத்தேன் தெரியுமா? நீ வீட்டுக்குள்ள நுழையறப்பவே பலகைக் கதையோட வருவே. என் தலை கொட்டினப்ப நீ சிரிச்சே, நானும் சிரிச்சேன். உன்னுது கொட்டறப்ப எனக்குச் சிரிப்பு வரலை.”

அவரைப் பார்த்தேன். பியூஸ் போகாத விளக்கின் கீழே அவருடைய நூல்கள் நாலைந்து எழுந்து நின்றன. அவரைக் கட்டிக்கொண்டேன். அந்தச் சமயத்திலும் கோபம் முழுசாகப் போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். “நான் என்ன சின்னப் பிள்ளையா? இனிமே என் முடியை நானே பொறுக்கிக்கறேன்” என்று அவர் தோளுக்குள் முகத்தை வைத்துக்கொண்டே சொன்னேன்.

“சரி. ஆனா ரத்தம் ஒரு தடவை பாத்துடணும். ஆஸ்பத்திரி ஸ்டாப்புல ஏறுற டாக்டரம்மாகிட்ட கேட்டேன். இந்த வயசுல நிறைய பேருக்கு இப்படி ஆகுமாம், இருந்தாலும் பாத்துட்டா நல்லதுன்னாங்க.”

“என் முடி விஷயம் பஸ் முழுக்கத் தெரிஞ்சிருக்கு. எனக்குத்தான் தெரியலை” என்றேன். அவர் சிரித்தார். பெட்டியிலிருந்த துணியை இரண்டு பேருமாக எடுத்து அலமாரியில் வைத்தோம். வெளியூர் போகிறவள் மாதிரி நான் போர்வை, செருப்பு, இஸ்திரிப் பெட்டி எல்லாம் எடுத்து வைத்திருந்ததைப் பார்த்து, இஸ்திரிப் பெட்டி எதுக்கு என்று கேட்டார். கோபத்தில் கிளம்புகிறவள் கசங்கிய துணியோடு போக முடியுமா என்று கேட்டேன்.

மறுநாள் கூடத்தில் என் தலையின் நாலு பக்கத்திலிருந்தும் இழைகள் எடுத்து, முறைப்படி ஒரு நாள் வைத்திருந்து அளந்தேன். பின்கழுத்துப் பக்கம் இன்னும் எண்பத்தைந்து இருக்கிறது. உச்சியில் ஐம்பத்தெட்டு, அறுபது. பிறகு பலகைக்கு முன்னால் போய், என் பழைய இழைக்குப் பக்கத்தில் இன்னொன்றை ஒட்டினேன். இதற்காகப் பிடுங்க வேண்டியிருக்கவில்லை, அவர் பொறுக்கி வைத்ததே நிறைய இருந்தது. அடியில் ஐம்பத்தெட்டு என்று எழுதினேன்.

“பழசை எடுத்துடட்டுமாக்கா?” என்றாள் பஞ்சு.

“எதுக்கு? ரெண்டும் என்னுதுதான்.”

மொட்டை சார் வந்து பார்த்தார். ஒரே ஆளுக்கு இரண்டு இடமா என்பது போல் புருவத்தை உயர்த்தினார். புருவத்தில் மட்டும் அவருக்கு முடி உண்டு. பிறகு மற்றவர்களுக்கும் பக்கத்தில் இடம் விடும்படி பலகையைத் திருத்தி ஒட்டச் சொன்னார். பஞ்சு மறுநாளே தன்னை மறுபடி அளந்தாள். நாற்பத்தொன்பது. இரண்டு கூடியிருக்கிறது என்று நாள் முழுக்க என்னிடம் பீற்றிக்கொண்டாள்.

வீட்டுக் குளியலறையில் இப்போது வெள்ளை விளக்குதான். காலையில் அந்த வெளிச்சத்தில் தலைவாருவது சில நாட்களில் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ரத்தப் பரிசோதனையில் ஒரு சிறு குறை சொன்னார்கள், மாத்திரை சாப்பிடுகிறேன். பழையபடி வராது என்பது எனக்குத் தெரியும், என்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை தலையணை உறையை மாற்றும்போது, இரண்டு தலையணைக்கும் நடுவே விரிப்பில் ஒரு குட்டி முடி கிடந்தது. கறுப்பு, நகத்தளவு நீளம். அவர் தலையிலிருந்து உதிர்ந்ததாகவும் இருக்கலாம், என் முடியின் உடைந்த நுனியாகவும் இருக்கலாம். விரலிடுக்கில் வைத்து உருட்டினேன். சொல்ல முடியவில்லை. கூடத்துக்குக் கொண்டுபோனால் நுண்ணோக்கி சொல்லிவிடும்.

அவர் கதவருகே புது உறையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “யாருது?” என்று கொஞ்சம் பயத்தோடு கேட்டார்.

“நம்ம வீட்டுதுதான்” என்று சொல்லி, அதை வீட்டுக் குப்பைக்கூடையிலேயே போட்டேன்.